பெட்டி அண்ணையின் மாடு

நாய் வளர்ப்பதற்கே நூறு கேள்வி கேட்கும் எங்கள் கட்டடத்தில், பத்தாம் மாடியில் ஒரு மாட்டை வளர்த்து, அதைத் தினமும் சாகடித்து, அடுத்த நாள் காலையில் மறுபடியும் எழுப்பி நடக்க விட்டவர் உலகத்திலேயே பெட்டி அண்ணை ஒருவர்தான். சந்தேகம் இருந்தால் ரொறன்ரோவில் டோர்செட் பார்க்குக்கு வந்து எங்கள் கட்டடத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அந்த மாட்டின் நிறம், கொம்பின் வளைவு, விழும்போது எந்தக் கால் முதலில் மடிந்தது என்பதுவரை சொல்வார்கள். மாடு செத்த பிறகு என்ன நடந்தது என்று மட்டும் கேட்கக்கூடாது. அது நெடுநாளாக எங்களில் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

அவருடைய உண்மைப் பெயர் கீழே தபால் பெட்டியில் ஒட்டியிருந்தது. நான்கு சொல் நீளம். அதைக் கடைசிவரை வாசிக்கும் பொறுமை எங்களில் ஒருவருக்கும் இருந்ததில்லை. குடிவந்த அன்று மனிதர் நெஞ்சில் ஓர் அக்கோடியனைக் கட்டிக்கொண்டு எலிவேற்றருக்குள் ஏறினார். தலையில், முன்பக்கம் மேலே மடித்த ஒரு தோல் தொப்பி. ஆர்மோனியத்தைப் பெட்டி என்று சொல்லி வளர்ந்த சனம் நாங்கள். நெஞ்சில் கட்டினாலும் பெட்டி பெட்டிதானே. அன்று பின்னேரத்துக்குள் அவர் பெட்டி அண்ணை ஆகிவிட்டார். அவரை விட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரும் "ஓம்" என்று திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

அவருடைய வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் வேறு வேறு இடங்களில் உடைந்தவை என்பதால், இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு வசனம் வந்துவிடும். அப்படித்தான் சிநேகிதமானோம். போகப்போக எலிவேற்றரில் பொறுக்கிய யாழ்ப்பாணத் தமிழையும் நடுவில் போட்டுக் கதைப்பார். ஆகவே அவர் சொன்னதையெல்லாம் இங்கே எங்கள் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். அவர் கோபிக்கமாட்டார்.

பெட்டி அண்ணை பிரேசில்காரர். பிரேசில் என்றதும் உங்கள் மனதில் கடற்கரை வந்தால், அதை அவருக்குச் சொல்லாமல் விடுவது நல்லது. சந்தித்த முதல் கிழமை நான் சொல்லிவிட்டேன்.

"அண்ணை, அந்தக் கடற்கரைப் பாட்டு ஒண்டு எல்லாரும் பாடுவினமே, அதை ஒருக்கா பாடுங்கோவன்."

அவர் பெட்டியை மூடி, வாரைக் கழற்றி, அதைக் கதிரையில் இருத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, எங்கட ஊரில இருந்து கடலுக்கு பஸ்ஸில ஒரு பகல் போகவேணும். அதுவும் பஸ் உடையாட்டி."

அவருடைய ஊர் நாட்டின் வடகிழக்கில், உள்ளே வெகுதூரம் தள்ளி இருக்கும் வறண்ட பிரதேசம். அங்கே மழை பெய்தால்தான் செய்தி. மார்ச்சில் வரும் சூசையப்பர் திருநாளுக்குள் ஒரு துளியாவது விழுந்தால் அந்த வருடம் பிழைத்தார்கள். விழாவிட்டால் மாட்டையும் சட்டி பானையையும் கட்டிக்கொண்டு புறப்படவேண்டியதுதான். மாடு மேய்ப்பவர்கள் மாட்டைக் கூப்பிடுவதற்குச் சொல்லே இல்லாமல் நீட்டி இழுத்துப் பாடுவார்களாம். அந்தக் கூப்பாட்டையும் அங்கத்தைய மெட்டுகளையும் எடுத்து, தன்னுடைய சொல்லைப் போட்டுப் பாட்டுக் கட்டுவதுதான் பெட்டி அண்ணை இளவயதிலிருந்து செய்துவந்த தொழில்.

தொழில் என்றால் உண்மையான தொழில். ரேடியோவில் பாடியிருக்கிறார். இசைத்தட்டுப் போட்டிருக்கிறார். பெயர் எடுத்ததும் தெற்கில் பெரிய பட்டினத்துக் கொம்பனி ஒன்று அவரைக் கூப்பிட்டு, "எல்லாம் நல்லாயிருக்கு, மாட்டை எடுத்துப்போட்டுக் கடலை வையுங்கோ" என்று சொல்லியிருக்கிறது. இவர் மறுத்துவிட்டார். அவர்களும் விடாமல், பாட்டில் இல்லாவிட்டால் அட்டையிலாவது கடல் இருக்கட்டும் என்று கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்தார்கள். அந்த இசைத்தட்டு அட்டையை எனக்குக் காட்டியிருக்கிறார். இடுப்பளவு தண்ணீரில், முழு உடுப்போடும் தோல் தொப்பியோடும் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்து முறைத்தபடி நிற்கிறார். அந்த இசைத்தட்டு விலைப்படவில்லை. கொம்பனியோடு அவருடைய உறவும் அத்தோடு முடிந்தது.

எனக்கு அவரை அந்த இடத்தில்தான் பிடித்துப்போனது. நான் வேலை செய்யும் பக்ரரியில், சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒருவன் வந்து இந்தியப் படங்களில் ஆடுகிற மாதிரி ஒருக்கா ஆடிக் காட்டு என்று கேட்பான். நான் இந்தியன் இல்லை, எங்கள் தீவு வேறு, அதிலும் வடக்கு வேறு என்று விளங்கப்படுத்தி முடிக்க சாப்பாடு ஆறிவிடும். முடிவில் அவன் "ஓகே, அப்ப உங்கட ஆட்டத்தை ஆடு" என்பான். எனக்கு எந்த ஆட்டமும் தெரியாது.

இனி, பத்தாம் மாடியில் தினமும் செத்த அந்த மாட்டின் பாட்டுக்கு வருகிறேன்.

ஒரு மாட்டுக்காரன். ஒரு செவலை மாடு. மழை இல்லாத வருடம். மாட்டுக்காரன் மாட்டை ஓட்டிக்கொண்டு தண்ணீர் தேடிப் போகிறான். ஒரு குளம் காய்ந்து கிடக்கிறது. பிறகு ஓர் ஆறு, அதுவும் காய்ந்து கிடக்கிறது. பிறகு இன்னொரு குளம். (பாட்டு கொஞ்சம் நீளம்தான்.) மாடு இடது முன்னங்காலை மடித்து விழுகிறது. சாகிறது. மாட்டுக்காரன் அழுகிறான். அப்போது வானத்தின் ஒரு மூலையில் கையளவு மேகம் தெரிகிறது. அதற்குப் பிறகு மழை வரும் என்று பெட்டி அண்ணை சொல்வார். வந்ததை ரொறன்ரோவில் ஒருவரும் கேட்டதில்லை.

காரணம், அவர் வைத்திருந்த ஒரு பிடிவாதமான விதி. பாட்டை நடுவில் யாராவது குழப்பினால் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கமாட்டார். முதலாவது கூப்பாட்டிலிருந்துதான் தொடங்குவார்.

"ஏன் அண்ணை, மேகத்தில இருந்து துடங்கினால் என்ன?"

"நடக்காமல் மழை வருமோ தம்பி? முழுக்க நடக்கவேணும்."

அவருடைய ஊரில் மழை கேட்டுச் சனம் கூடியிருக்கும்போது இதைப் பாடினால் ஒருவரும் இடத்தை விட்டு அசையமாட்டார்களாம். ரொறன்ரோவில் அசையாத மனிதரை எங்கே தேடுவது?

முதலாவது நாளே குழப்பம் வந்தது. ஒன்பதாம் மாடியில், அவருக்கு நேர் கீழே, பரிமளம் அன்ரி குடியிருந்தார். எங்கள் கட்டடத்தின் முறைப்பாட்டு இலாகா அவர்தான். குப்பை, குளிர், குழாய்த் தண்ணீர், பக்கத்துவீட்டுக் கருவாடு என்று எதையும் விடமாட்டார். அன்று காலை அன்ரி தேத்தண்ணியோடு உட்கார, மேலே பெட்டி அண்ணை மாட்டைக் கூப்பிடத் தொடங்கினார். "ஏ... ஓஓஓ... ஆஆஆ..." அன்ரி உடனே 911 எடுத்து, மேல்வீட்டில் ஒரு மனிதனுக்கு ஏதோ நடக்கிறது, மெல்ல மெல்ல நடக்கிறது என்று அறிவித்துவிட்டார்.

இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். பெட்டி அண்ணை அவர்களை உள்ளே கூப்பிட்டு இருத்தி, விளக்கம் சொல்வதற்குப் பதிலாக முதலில் இருந்து பாடினார். நல்ல பொலிஸ்காரர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இரண்டாவது குளம்வரை கேட்டார்கள். மாடு காலை மடிக்கும்போது அவர்களுடைய ரேடியோ கத்தியது. எழும்பிப் போய்விட்டார்கள். வாசல்வரை போன ஒருவர் மட்டும் திரும்பி வந்து, மாடு பிழைத்ததா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அன்ரி பொலிஸைக் கூப்பிடவில்லை. வீடு கூட்டும் தும்புத்தடியை எடுத்தார். மாடு விழும் இடம் வந்ததும் கீழேயிருந்து கூரையில் டொக், டொக், டொக். பெட்டி அண்ணை நிறுத்திவிடுவார். அடுத்த நாள் காலை மாடு மறுபடியும் எழும்பி நடக்கும். அதே இடத்தில் அதே டொக். நான் என் வீட்டில் சவரம் செய்துகொண்டே இரண்டையும் கேட்பேன். டொக் கேட்டால் வேலைக்குப் புறப்பட நேரம் சரி.

ஒருநாள் கீழே உடுப்புத் தோய்க்கும் லோன்றி அறையில் அன்ரி அவரை நேருக்கு நேர் பிடித்தார்.

"உங்களுக்கு என்ன வருத்தம்? ஏன் விடியக் காலமை உப்பிடிக் கத்துறியள்?"

பெட்டி அண்ணைக்குக் கேள்வி விளங்கிவிட்டது. பதிலுக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. ஆகவே கையிரண்டையும் கொம்பு மாதிரித் தலையில் வைத்துக்கொண்டு, லோன்றி அறை முழுவதும் நடந்தார். உலர்த்தும் மெசின் ஒவ்வொன்றுக்குள்ளும் தலையை விட்டுத் தண்ணீர் தேடினார். பிறகு இடது காலை மடித்து, நடு நிலத்தில் விழுந்து, நாக்கை வெளியே போட்டுச் செத்துப்போனார். அன்ரி தோய்த்த உடுப்பை அப்படியே போட்டுவிட்டு மேலே வந்து, என் மனுசியிடம், "அந்த மனுசன் செத்த விதம், பிள்ளை, நல்ல மாடுமாதிரியே கிடந்தது" என்று சொன்னார். குரல் கொஞ்சம் தழுதழுத்தது. ஆனால் டொக் நிற்கவில்லை.

வேலை கிடைக்காமல் இல்லை. நகரத்துக்குள் ஒரு பிரேசில் சாப்பாட்டுக் கடையில் பாடக் கூப்பிட்டார்கள். கம்பியில் குத்திச் சுட்ட மாட்டிறைச்சியை மேசை மேசையாகக் கொண்டுபோய் வெட்டிப்போடும் கடை. பெட்டி அண்ணை அங்கே போய், ஒவ்வொரு பாட்டிலும் என்ன சொல்லப்படுகிறது என்பதை முதலில் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்திவிட்டு, மாட்டுப் பாட்டைத் தொடங்கினார். மாடு இரண்டாவது குளத்துக்கு வருவதற்குள் பிறந்தநாள் கொண்டாட வந்த ஒரு மேசை முழுவதும் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டது. ஒரு பெண்பிள்ளை அழத் தொடங்கினாள். இன்னொரு மேசை சலாட் கேட்டது. முதலாளி ஓடிவந்து பெட்டியின் மேல் கையை வைத்து, "கடற்கரைப் பாட்டைப் பாடு, ஐயா" என்று மன்றாடினார். பெட்டி அண்ணை வாரைக் கழற்றினார். அடுத்த கிழமை முதல் அங்கே ரிவியில் பந்தாட்டம் போட்டார்கள்.

சப்வேயில் பாடிப் பார்த்தார். அங்கே ரயில் வந்தது.

ஒரு ஸ்ரூடியோவில் முழு அல்பமும் பதிவு செய்தார். அவருடைய மகள் அதை இன்ரநெற்றில் ஏற்றிவிட்டாள். ஆவலோடு நான் மாட்டுப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். மேகம் தெரிகிறது, உடனே பாட்டு முடிந்துவிடுகிறது. போய்க் கதவைத் தட்டினேன்.

"அண்ணை, மழையைக் காணேல்லை."

"ஸ்ரூடியோக்காரர் வெட்டிப்போட்டார்."

"ஏன் வெட்டினவர்?"

"அழுக்கு எண்டு நினைச்சுத் துடைச்சுப்போட்டார்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இதற்கிடையில், மாடு செத்த பிறகு மழை வந்து பயன் உண்டு, இல்லை என்று கட்டடம் முழுவதும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. எலக்றீசியன் ஹமீது நானா நான்காம் மாடி. ஒருமுறை பெட்டி அண்ணை வீட்டில் பிளக் பொயின்ற் மாற்றப் போய், வேலை முடிந்தும் மாடு சாகும்வரை நின்று கேட்டவர். பிறகு யாரோ போன் எடுத்து வரச்சொல்ல, போக வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு என்னை எங்கே கண்டாலும் இதுதான் கதை.

"தம்பி, மழை வந்து என்னத்துக்கு? மாடுதான் மௌத்தாப் போச்சே. கடைசியில அந்த மனுசன் என்னதான் சொல்றான்? கேட்டுச் சொல்லுங்க."

"கேட்டனான் நானா. பாட்டிலதான் சொல்லலாமாம்."

"அப்ப இருந்து கேட்டுட வேண்டியதுதானே?"

"இருக்க வேணுமே நானா."

நானும் இருந்து பார்த்திருக்கிறேன். ஒருமுறை மேகம்வரை போய்விட்டேன். அந்த நேரம் பார்த்து என் மனுசி கதவைத் திறந்து, "சோறு போட்டாச்சு, வாறியளோ இல்லையோ?" என்றாள். பெட்டி அண்ணை பெட்டியை மூடினார். அன்று சோறு எனக்கு இறங்கவில்லை.

போன வருடம் அவருடைய முழங்கால் பழுதாகிவிட்டது. மகளுக்கு, ரொறன்ரோவுக்கு வெளியே பிக்கரிங்கில், தனியாக நிற்கும் புதுவீடு. அங்கே வந்து இருக்கச்சொல்லி அவள் பலகாலம் கேட்டுக்கொண்டிருந்தாள். இவர் மாட்டேன் என்பார். காரணம் கேட்டால், "அங்க சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை தம்பி. ஆருக்குப் பாடுறது?" என்பார். இந்த முறை டொக்டரும் மகளோடு சேர்ந்துவிட்டார். மாதம் முடிய வெளிக்கிட வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

அன்று என் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார். காலை நீட்டினார்.

"தம்பி, இந்த நாட்டுக்கு வந்து சனத்துக்கு முன்னால அந்தப் பாட்டை ஒருநாளும் நான் முடிக்கேல்லை. பெரிய ஆசை ஒண்டும் இல்லை. ஆக்கள் இருக்க, ஒரேயொருக்கா கடைசிவரை பாடவேணும். பேந்து போறன்."

நான் எழும்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்து, நாங்கள் தமிழர் என்ன செய்வோமோ அதைச் செய்தோம். அவருடைய அல்பத்துக்கு வெளியீட்டு விழா வைக்கத் தீர்மானித்தோம். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒருவர்தான் ஆள். பெயர் சிவம், எல்லோருக்கும் விழாச் சிவம். ஸ்காபரோவில் ஒரு புத்தகமோ இறுவட்டோ வெளிவருவதென்றால் அது அவருடைய வாயால்தான் வெளிவர வேண்டும். ஞாயிறு பின்னேரத்துக்கு ஒரு மண்டபம் பிடித்தார். ஐந்து மணிக்கு ஒரு பிறந்தநாள் விழா வருகிறதாம். அதற்கு முன் விட்டுவிட வேண்டும். பரிமளம் அன்ரி தன்னுடைய பித்தளைக் குத்துவிளக்கைத் தந்ததோடு ரோல்ஸும் பொரித்தார். ஹமீது நானா பெரிய ஸ்பீக்கர் பெட்டியோடு மைக் செற்றைக் கொண்டுவந்தார்.

முதலாவது சிக்கல், சிறப்புப் பிரதி. வெளியீடு என்றால் பிரமுகர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, பிரதியை வாங்கி, கமெராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். பெட்டி அண்ணையின் அல்பமோ இன்ரநெற்றில் இருக்கிறது. கையில் கொடுக்க ஒன்றுமில்லை. சிவம் அண்ணை கொஞ்சமும் கலங்கவில்லை. வெறும் சிடிப் பெட்டிகள் வாங்கி, தங்கத் தாளில் சுற்றி, சிவப்பு நாடா கட்டிவிட்டார்.

"உள்ளுக்கு ஒண்டும் இல்லையே அண்ணை?"

"ஆர் உடைச்சுப் பாக்கப் போகினம்? பாட்டு மேல இன்ரநெற்றில இருக்கெண்டு சொல்லிவிடுவம்."

பிரமுகர்கள் வந்தார்கள். வாங்கினார்கள். சிரித்தார்கள்.

விளக்கேற்றல் முடிந்து, இறந்தவர்களுக்கான அகவணக்கம் முடிந்து, வரவேற்புரை தொடங்கியது. பிறகு தலைமையுரை. வாழ்த்துரைகள். ஒவ்வொருவரும் நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லிவிட்டு அதையே விரிவாகப் பேசினார்கள். அறிமுகவுரை செய்தவர் பெட்டி அண்ணையைத் தனக்கு நேரடியாகத் தெரியாது என்று தொடங்கி, தெரிந்த வேறு கலைஞர்களைப் பற்றிச் சொன்னார். ஆய்வுரை செய்தவர் ஐந்து நிலங்களையும் வரிசையாக எடுத்துக்கொண்டார். பெட்டி அண்ணையின் ஊர் பாலையாம். பாலைக்கு வருவதற்கு அவர் குறிஞ்சியிலிருந்து புறப்பட்டார். மருதத்தில் வந்துகொண்டிருக்கும்போது நேரம் முடிந்துவிட்டதாகத் துண்டு போனது. பிரேசிலைப் பற்றி வேறொரு சந்தர்ப்பத்தில் பேசுவதாகச் சொல்லி இறங்கினார்.

முன்வரிசையில் பெட்டி அண்ணை பெட்டியைக் கட்டிக்கொண்டு, தொப்பியோடு, நிமிர்ந்தபடி இருந்தார். ஒவ்வொரு பேச்சு முடிந்ததும் எழும்பப் பார்ப்பார். அடுத்த பேச்சாளரின் பெயர் கேட்டதும் உட்காருவார். நான் மேடைக்குப் பின்னால் ஓடினேன்.

"சிவம் அண்ணை, அவர் எப்ப பாடுறது?"

அவர் உண்மையாகவே திகைத்துப் போனார். "பாடுறதோ? புத்தக வெளியீட்டில ஆரும் புத்தகம் வாசிக்கிறவையோ? ஏற்புரை இருக்கு. அதில ரெண்டு சொல்லுச் சொல்லட்டும்."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த ஏற்புரை நேரத்தைப் பாட்டுக்கு வாங்கினேன். பெட்டி அண்ணை நொண்டிக்கொண்டு மேடை ஏறினார். மாட்டைக் கூப்பிட்டார். சனம் நிமிர்ந்தது. முதலாவது குளம். ஆறு. பின்கதவு திறந்தது. பிறந்தநாள் வீட்டுக்காரர் ஒரு பெரிய கட்டு பலூனோடு உள்ளே வந்து, கதிரைகளை வட்டமாக இழுக்கத் தொடங்கினார்கள். ஐந்து மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது. அவர்கள் அலங்கரிக்க வந்தவர்கள், அவர்களில் பிழையில்லை.

பெட்டி அண்ணை நிறுத்தினார். பலூன்களைப் பார்த்தார். மைக்கில், "நன்றி. வாறன்" என்று தமிழில் சொல்லிவிட்டு இறங்கினார். கைதட்டல் பெரிதாக இருந்தது. நன்றியுரை சொல்லவிருந்தவர் மட்டும் கடைசிவரை கோபமாக இருந்தார்.

ஹமீது நானாவின் வான் வண்டியில் வீட்டுக்கு வந்தோம். அடுத்த கிழமை அவர் போய்விடுவார். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக இருந்தது. ஒரு மனிதன் பாட வேண்டும் என்று கேட்டான். நாங்கள் அவனை இருத்திவைத்துப் பேசி அனுப்பினோம்.

எங்கள் கட்டடத்தில் இரண்டு எலிவேற்றர். ஒன்று எப்போதும் திருத்தத்தில் இருக்கும். மற்றது திருத்தத்துக்குப் போகப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்று அதற்குள் ஏறியவர்கள்: பெட்டியோடு பெட்டி அண்ணை, நான், குத்துவிளக்கைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு பரிமளம் அன்ரி, மிஞ்சிய ரோல்ஸ் தட்டு, ஸ்பீக்கர் பெட்டியோடு ஹமீது நானா, தேத்தண்ணி குடிக்கவென்று கூட வந்த சிவம் அண்ணை, அவருடைய பையில் போர்த்துவதற்கு நேரம் கிடைக்காத ஒரு பொன்னாடை. நான்காம் மாடியில் இறங்க வேண்டிய நானாவும், "பெட்டி அண்ணைய வீட்ட விட்டுட்டு வாரன்" என்று மேலே வந்தார்.

எட்டாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நடுவில் அது ஒருமுறை உறுமிவிட்டு நின்றது.

நானா பட்டனையெல்லாம் அழுத்திப் பார்த்தார். மணியை அடித்தார். தீயணைப்புப் படைக்குப் போன் எடுத்தார். "ஃபயர் ரக் வருகுதாம். கொஞ்சம் சுணங்குமாம்" என்றார்.

சிவம் அண்ணை தொண்டையைச் செருமினார். "இந்த நேரத்திலே நான் ஒரு சில வார்த்தைகள்..."

"சிவம், வாயை மூடும்" என்றார் பரிமளம் அன்ரி.

பிறகு அன்ரி பெட்டி அண்ணையின் பக்கம் திரும்பி, ஸ்பீக்கர் பெட்டியைக் காட்டி, "இதில இருங்கோ. இருந்து பாடுங்கோ. இஞ்சை ஒருத்தரும் எங்கையும் போகேலாது" என்றார்.

பெட்டி அண்ணை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கதவைப் பார்த்தார். இருந்தார். முதலாவது கூப்பாட்டிலிருந்து தொடங்கினார்.

அந்தச் சின்ன இரும்புக் கூட்டுக்குள் அது எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருடைய குரல் என் நெஞ்செலும்பைத் தொட்டது. முதலாவது குளம், ஆறு, இரண்டாவது குளம் எல்லாம் போனது. மாடு காலை மடித்தது. நாங்கள் எல்லோரும் எங்களை அறியாமல் அன்ரியைப் பார்த்தோம். அவருடைய கையில் தும்புத்தடி இல்லை. குத்துவிளக்கை இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"சத்தத்துக்கு இல்லை தம்பி நான் தட்டுறனான்" என்று என் காதுக்குள் சொன்னார். "அந்த மாடு சாகிறதைக் கேக்கேலாது எனக்கு."

மாடு செத்தது. மாட்டுக்காரன் அழுதான். மேகம் தெரிந்தது. அங்கே பெட்டி அண்ணையின் குரல் நின்றுவிட்டது.

மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். அவர் கட்டைகளிலிருந்து விரலை எடுத்து, ஓரத்தில் இருந்த ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பெட்டியை மெல்ல விரித்தார். சுரம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. தூரத்தில் காற்று எழும்புகிற சத்தம். மூடினார்; காற்று கிட்ட வந்தது. பிறகு, பெட்டியை அசைக்காமல் விரல்களால் கட்டைகளை மட்டும் தொட்டார். டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டிக், டிக். காய்ந்த ஓட்டில் விழுகிற முதலாவது துளிகள். கடைசி அடிக்குச் சொல்லே கிடையாது. ஸ்ரூடியோக்காரர் துடைத்த அழுக்கு இதுதான்.

அந்த நேரம்தான் கதவை யாரோ வெளியேயிருந்து நெம்பினார்கள். எங்கள் தலைக்கு மேலே ஒரு இடைவெளி திறந்து, ஹெல்மெற் போட்ட ஒரு பெரிய முகம் தெரிந்தது. "ஹலோ! எல்லாரும் ஓகேயா?" என்று ஆங்கிலத்தில் முழங்கியது.

பெட்டி அண்ணையின் விரல் நின்றது. என் உயிரும் நின்றது.

பரிமளம் அன்ரி குத்துவிளக்கை மேலே தூக்கி அந்த முகத்துக்கு நேரே பிடித்தார்.

"வெயிற்!" என்றார். "ரெயினிங்!"

அந்தத் தீயணைப்பு வீரர் விளக்கைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். என்ன விளங்கியதோ தெரியாது, நெம்பிய கம்பியைச் சத்தமில்லாமல் நிலத்தில் வைத்துவிட்டுக் குந்தி இருந்தார். பின்னால் வந்தவர்களுக்கும் கையைக் காட்டினார். பெட்டி அண்ணை அன்ரியைப் பார்த்தார். இவ்வளவு காலமும் வைத்திருந்த விதியை அன்று ஒருமுறை மீறினார். விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார். பத்து விரலும் கட்டைகளில் இறங்கின. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் மழை கொட்டியது. ஹமீது நானா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். நான் அழுதேன்.

மழை விட்டது. பெட்டி அண்ணை வாரைக் கழற்றினார். "சரி. முடிஞ்சுது" என்றார். பிறகு விழாச் சிவத்தைப் பார்த்து, "இனி நீங்கள் பேசுங்கோ" என்றார்.

சிவம் அண்ணை வாயைத் திறந்தார். மூடினார். பையிலிருந்து பொன்னாடையை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டார். தீயணைப்பு வீரர்தான் கைதட்டினார். அவருக்கு இரண்டு ரோல்ஸ் கொடுத்தோம்.

அடுத்த கிழமை மகள் வந்து பெட்டி அண்ணையைப் பிக்கரிங்குக்குக் கூட்டிப் போனாள். இடைக்கிடை போன் எடுப்பார். "வீடு நல்ல வடிவு தம்பி. கடைசிவரை பாடுறன். ஒருத்தரும் தட்டுறதில்லை" என்பார். சொல்லிவிட்டு, அன்ரியின் தும்புத்தடி சுகமோ என்று கேட்பார்.

அவர் இருந்த வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நல்ல அமைதியான மனிதர். கதவு திறப்பதுகூடக் கேட்காது. போன கிழமை லொபியில் பரிமளம் அன்ரி கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பரின்ரெண்டனை மறித்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன்.

"மேல்வீட்டில சத்தமே இல்லை. விடிஞ்சது தெரியுதில்லை. உதென்ன வீடு? உதுக்கு ஒரு வழி செய்யுங்கோ."

அந்த மனிதர் பாவம். தன் உத்தியோகத்தில் இப்படி ஒரு முறைப்பாட்டை அவர் கேட்டிருக்கமாட்டார். உதவிக்கு என்னைப் பார்த்தார்.

எனக்கும் அதே முறைப்பாடுதான் என்று சொன்னேன்.